செத்துப் பிழைத்த சாட்டிலைட்!

வலங்கைமான் என்று சொன்னால் டெல்டா பக்கத்து ஆட்களுக்கு ரெண்டு விஷயம் ஞாபகம் வரும். ஒண்ணு, வெடி. தீபாவளி நெருங்கினா அக்கம்பக்கத்து ஊர்க்காரங்க எல்லாம் எங்க ஊருக்கு வந்து பை பையா அள்ளிட்டுப் போவாங்க. 'எங்க ஊர்லயும் ராக்கெட் தயாரிக்கிறாங்க பாஸ்'னு காலேஜ்ல முதல் நாள் அறிமுகத்துல சீரியஸா சொல்லி, பாதி கிளாஸை நம்ப வெச்சவள் நான். ரெண்டாவது, மகா மாரியம்மன் கோயில் பாடைக்காவடி.

பார்க்காதவங்களுக்காக ஒரு சின்ன இன்ட்ரோ. பெரிய நோயில் படுத்து, 'இனி அவ்வளவுதான்' என்று கைவிடப்பட்டவங்களுக்காக வீட்டில் வேண்டிக்கொள்வாங்க. பிழைச்சு எழுந்ததும் பங்குனித் திருவிழாவில் பச்சை மூங்கில் பாடை கட்டி, பிழைச்சவரையே அதில் படுக்க வெச்சு, பிணம் மாதிரியே தூக்கிட்டுப் போய்க் கோயிலைச் சுத்துவாங்க. அப்புறம் அந்த ஆள் எழுந்து, நடந்து வீட்டுக்கு வருவார். எங்க சித்தப்பாவே ஒரு வருஷம் படுத்திருக்கார். நான் அப்ப எட்டாவது. அவர் எழுந்து உட்கார்ந்து முதல்ல கேட்டது, 'செருப்பை எவன் எடுத்தான்?'

இந்த வாரம் நம்ம கதாநாயகன் ஒரு சாட்டிலைட். அதுவும் பாடைக்காவடி எடுத்த கேஸ்தான்!

பேரு ஆஸ்கர்-7. சினிமா ஆஸ்கர் இல்லை. ஹாம் ரேடியோக்காரங்க செஞ்சு அனுப்புற செயற்கைக்கோள்களுக்கு வழிவழியா வர்ற பேரு. ஹாம்னா சம்பளத்துக்காக இல்லாம, ஆசைக்காக வயர்லெஸ்ல பேசுற ஜனங்க. லைசென்ஸ் உண்டு, கால் சைன் உண்டு, வருமானம்தான் கிடையாது. அவங்க கூடிச் செஞ்ச 29 கிலோ பெட்டி, 1974 நவம்பர் 15 அன்னைக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு வானிலை செயற்கைக்கோளோட ஓசி டிக்கெட்டில் மேலே போச்சு. பூமியிலிருந்து சுமார் 1,450 கிலோமீட்டர் உயரம். ஒரு சுத்துக்கு 115 நிமிஷம். ஆறரை வருஷம் நல்லா உழைச்சது. 1981-ல் பேட்டரி ஷார்ட் ஆகி மூச்சு நின்னுபோச்சு. ஆளுங்களும் வருத்தப்பட்டுட்டு அடுத்த சாட்டிலைட் வேலையைப் பார்க்கப் போயிட்டாங்க.

21 வருஷம் கழிச்சு, 2002 ஜூன் 21. இங்கிலாந்தில் பேட் கோவன் என்கிற ஹாம் காதில் பழைய பாணி மோர்ஸ் ஒலி ஒண்ணு விழுந்தது. 'என்னடா இது, இந்த மாதிரி அனுப்புற சாட்டிலைட் இப்ப எதுவும் இல்லையே'ன்னு கணக்குப் போட்டுப் பார்த்தா... ஆஸ்கர்-7! செத்ததா எழுதி மூடின ஃபைல் தானா எழுந்து உட்கார்ந்து பேசுது. 2024 நவம்பரில் அதற்கு 50 வயசு முடிஞ்சப்பவும் பேசிட்டுத்தான் இருந்தது.

யாரும் மேலே போய் ரிப்பேர் பண்ணலை. கீழேயிருந்து கமாண்டும் கொடுக்கலை. அப்புறம் எப்படி?

இந்த இடத்தில் உங்க வைவாவுக்கு உதவுற மாதிரி ஒரு கேள்வி. 'ஒரு காம்பொனன்ட் எப்படி வேலை செய்யும்?'னு எல்லா எக்ஸ்டர்னலும் கேட்பாங்க. 'எப்படிச் சாகும்?'னு என்னை இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லை. எங்க சித்தப்பா கேட்டிருக்கார். கடைத்தெருவுல ரேடியோ, டி.வி., மிக்ஸி ரிப்பேர் கடை வெச்சிருக்கார். டிப்ளமோகூடக் கிடையாது. அவர் கணக்குப்படி பொருள் சாகிறதுக்கு ரெண்டே வழி. ஒண்ணு, ஷார்ட்: ரெண்டு காலும் உள்ளே ஒட்டிக்கிட்டு, கரண்ட் கேள்வி கேட்காம ஓடும். இன்னொண்ணு, ஓப்பன்: உள்ளே அறுந்துபோய் எதுவுமே ஓடாது. 'ஓப்பனாச் செத்தது தனியாப் போகும் பாப்பா. ஷார்ட்டாச் செத்தது குடும்பத்தையே இழுத்துட்டுப் போகும்.'

ஆஸ்கர்-7ல் நடந்ததும் இதேதான். அதில் சோலார் பேனல், பேட்டரி, ரேடியோ மூணும் ஒரே லைனில் பேரலல். 1981-ல் நிக்கல்-காட்மியம் செல்கள் உள்ளே ஒட்டிக்கிச்சு. பேனல் அதுபாட்டுக்கு வெயிலில் கரண்ட் உற்பத்தி பண்ணிட்டே இருக்கு. ஆனா வர்ற கரண்ட்டை எல்லாம் செத்த பேட்டரி குடிச்சிடுது. மடை வழியாத் தண்ணி வருது, வாய்க்கால்ல உடைப்பு... வயலுக்கு ஒரு சொட்டு ஏறாது இல்லையா, அந்தக் கதை. 21 வருஷம் ரேடியோ பக்கத்திலேயே பேனல் இருந்தும் பட்டினி.

அப்புறம் ஒரு நாள் அந்த ஒட்டிக்கிட்ட இடம் உள்ளேயே அறுந்துபோச்சு. ஷார்ட்டாச் செத்த பேட்டரி, ரெண்டாவது தடவை ஓப்பனாச் செத்தது! உடைப்பு அடைபட்டுது. பேனல் கரண்ட் நேரா ரேடியோவுக்கு. எந்திரிச்சிருச்சு. பேட்டரி இல்லாததால் வெயில் படும்போது மட்டும்தான் உயிர். பூமியோட நிழலுக்குள்ள போற சீசன்ல ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு சாவு, ஒரு பிழைப்பு. முழிக்கும்போது எந்த அலைவரிசையில் முழிக்கும்னு அதுக்கே தெரியாது. தொடர்ந்து வெயிலில் இருந்தால் 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை மோடு மாத்திக்கும். உள்ளே இருக்கிற 1974-ம் வருஷத்து டைமர் இன்னும் டியூட்டி பார்க்குது பாஸ்.

'அப்போ ஓப்பன் நல்லது, ஷார்ட் கெட்டது' என்று நோட்ல எழுதிடாதீங்க. நானும் அப்படித்தான் எழுதினேன். சித்தப்பா சிரிச்சார். கோயில் திருவிழாவில் மரத்துக்கு மரம் கட்டுற பழைய சீரியல் செட்டை யோசிச்சுப் பாருங்க. எல்லா பல்பும் வரிசையா ஒண்ணு பின்னாடி ஒண்ணு. ஒரு பல்பு ஓப்பன் ஆனா மொத்த மாலையும் இருட்டு. நல்ல செட்டில் பல்புக்குள்ளேயே குட்டியா ஒரு கம்பிச் சுத்து இருக்கும். இழை அறுந்ததும் அது ஷார்ட் ஆகி வழி விட்டுடும். அந்த ஒரு பல்பு போச்சு, மாலை எரியும். அப்போ சீரிஸ்ல ஷார்ட் நல்லது, பேரலல்ல ஓப்பன் நல்லது. பேட்டரிக்குள்ள செல்கள் சீரிஸ். அந்த பேட்டரி, பேனலுக்கு பேரலல். ஒரே சாவு உள்ளே இருந்து பார்த்தா பரவாயில்லை, வெளியே இருந்து பார்த்தா சர்வநாசம். இந்த ஒரு வரியைச் சரியாப் புரிஞ்சுக்க எனக்கு ஒரு மினி புராஜெக்ட் செலவாச்சு.

அந்தக் கதையும் சொல்லிடுறேன். வயல்ல தண்ணி மட்டம் பார்த்துச் சொல்ற சின்ன டிரான்ஸ்மிட்டர். ரெவ்யூவுக்கு முந்தின நாள் ராத்திரி 5 வோல்ட் லைன்ல டான்டலம் கெப்பாசிட்டர் ஒண்ணு வெச்சேன், அரிசி சைஸில் மஞ்சளா இருக்குமே அது. ஒரு ஓரத்தில் பட்டை போட்டிருக்கும். சாதாரண அலுமினிய எலக்ட்ரோலிட்டிக் டப்பாவில் பட்டை இருக்கிற பக்கம் மைனஸ். மூணு வருஷமா அதையே பார்த்துப் பழகின கை, அதே கணக்கில் வெச்சிடுச்சு. போர்டுல ஒட்டுற டான்டலத்தில் பட்டை இருக்கிறது ப்ளஸ் பக்கம்! பவர் கொடுத்ததும் ஒரு சின்ன 'டப்'. அப்புறம் பொறி, புகை, ரெகுலேட்டர் கையைச் சுட்டுச்சு, மைக்ரோகன்ட்ரோலர் காலி. டான்டலம் சாகிறது பெரும்பாலும் ஷார்ட்டாத்தான். அது பேரலல்ல உட்கார்ந்திருந்தது. குடும்பத்தோட போச்சு.

'கடைக்காரர் டூப்ளிகேட் கொடுத்துட்டார் சார்'னு கைடுகிட்ட ரெண்டு நாள் சாதிச்சேன். தப்பு என்னோடதுன்னு தெரிஞ்சப்புறம் அந்தக் கடைப்பக்கம் போகவே ஒரு மாசம் கூச்சமா இருந்தது. இன்னொரு தப்பும் பண்ணியிருந்தேன். 5 வோல்ட்டுக்கு 6.3 வோல்ட் கெப்பாசிட்டர் போதும்னு நினைச்சது. டான்டலத்தை அது தாங்கும்னு எழுதியிருக்கிற வோல்டேஜில் பாதிக்கு மேல வேலை வாங்காம இருக்கிறதுதான் அனுபவசாலிகள் வழக்கம். 5 வோல்ட்டுக்கு 10. வித்தியாசம் சில ரூபாய்தான்.

நம்ம நாட்டுக் கதைக்கு வருவோம். 2004 டிசம்பர் 26 சுனாமி. அந்தமானில் அப்போ முகாம் போட்டிருந்த ஒரு ஹாம் குழுவோட ரேடியோதான், போன் எல்லாம் செத்த நேரத்தில் தீவுகளிலிருந்து தகவல் சொன்னது. நாகப்பட்டினம் பக்கம் சொந்தம் இருக்கிற டெல்டாக்காரங்களுக்கு அந்த நாட்களில் ஒரு தகவலோட விலை என்னன்னு தெரியும். அடுத்த நாலு மாசத்தில், 2005 மே 5-ல், இஸ்ரோ தன்னோட ஹாம் சாட்டிலைட்டை அனுப்பிச்சு. ஹாம்சாட். ஸ்ரீஹரிகோட்டாவில் இரண்டாவது ஏவுதளத்திலிருந்து கிளம்பின முதல் ராக்கெட், பி.எஸ்.எல்.வி.-சி6. அப்போ ஜனாதிபதியா இருந்த கலாம் நேரில் வந்திருந்தார். முக்கியப் பயணி கார்ட்டோசாட்-1. ஹாம்சாட் 42.5 கிலோ, கூட்டத்தோட ஓரமா நின்னு போன பையன் மாதிரி.

எனக்கு ஹாம்சாட்டில் பிடிச்ச விஷயம் ஒண்ணு உண்டு. அதில் ரெண்டு டிரான்ஸ்பாண்டர். சிக்னலை வாங்கி, பெரிசு பண்ணி, வேற அலைவரிசையில் திருப்பி அனுப்புற சர்க்யூட்தான் டிரான்ஸ்பாண்டர். ஒண்ணு இந்தியாவில் செஞ்சது. இன்னொண்ணு நெதர்லாந்தில் வில்லியம் லெய்னார் என்கிற இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட் செஞ்சது. ஆமா, நம்மள மாதிரி ஒரு ஸ்டூடன்ட். இஸ்ரோ சாட்டிலைட்டுக்குள்ள அவரோட போர்டு! நம்ம போர்டு லேப் பெஞ்சைத் தாண்டலைங்கிறது வேற விஷயம்.

ரெண்டு வருஷத்துக்குன்னு திட்டமிட்ட ஹாம்சாட் ஒன்பது வருஷத்துக்கு மேல உழைச்சது. 2014 ஜூலையில் முடிஞ்சது. காரணம்? வேற யாரு... பேட்டரிதான். லித்தியம்-அயான். ரெண்டு டிரான்ஸ்பாண்டரையும் குறை சொல்ல முடியாது. சோறு போட ஆள் இல்லை, அவ்வளவுதான். ஆஸ்கர்-7 மாதிரி இது எழுந்துக்கலை. எல்லாப் பாடையும் காவடி ஆகிறதில்லை.

சின்னப் பொருள் பெரிய கப்பலைக் கவுக்கிறது பழைய காலத்து ஹாம் சாட்டிலைட் விஷயம் மட்டும்னு நினைக்காதீங்க. 2025 ஜனவரி 29. ஸ்ரீஹரிகோட்டாவோட 100-வது ஏவுதல். ராக்கெட் அழகாப் போச்சு. என்.வி.எஸ்.-02 சாட்டிலைட்டும் பத்திரமா இறங்கிச்சு. அப்புறம் அதோட இன்ஜினுக்கு ஆக்ஸிடைசரை உள்ளே விடுற வால்வு திறக்கலை. போக வேண்டிய வட்டப்பாதைக்குப் போக முடியாமலே நின்னுடுச்சு. மறுபக்கம் வாயேஜர்-1. 2023 நவம்பரில் ஒரு மெமரி சிப் செத்து, பூமிக்கு வந்ததெல்லாம் உளறல். 2,400 கோடி கிலோமீட்டர் தூரத்தில் சால்டரிங் ஐயனை எடுத்துட்டுப் போக முடியுமா? அந்த சிப்பில் இருந்த புரோகிராமைத் துண்டு துண்டாப் பிரிச்சு, மெமரியில் மிச்சமிருந்த இடங்களில் குடிவெச்சாங்க. 2024 ஏப்ரலில் திரும்பப் பேசிச்சு.

சரி, கதை கேட்டது போதும். ஆஸ்கர்-7 உங்க மொட்டை மாடிக்கு மேல தினமும் சில தடவை போகுது. கேட்கலாமா?

தேவையானது: லேப்டாப்பில் செருகுற எஸ்.டி.ஆர். டாங்கிள் ஒண்ணு. ஹாஸ்டல்ல நாலு பேர் பங்கு போட்டா ஒரு சினிமா, ஒரு பிரியாணி தியாகம் பண்ணாப் போதும். ஆன்டெனாவுக்கு ஹார்டுவேர் கடை இரும்பு டேப். ஜோக் இல்லை. மெல்போர்ன் பல்கலைக்கழக மாணவர்கள் செஞ்சு, 1970-ல் மேலே போன ஆஸ்கர்-5 சாட்டிலைட்டோட ஆன்டெனாவே தச்சர் டேப்தான். சுருட்டி வெச்சு அனுப்பினாங்க, விண்வெளியில் தானா நிமிர்ந்துச்சு. நமக்கு 49 சென்டிமீட்டரில் ரெண்டு துண்டு. பி.வி.சி. பைப்பில் 'வி' மாதிரி, நடுவில் 120 டிகிரி வர்ற மாதிரி கட்டி, ஒரு துண்டுக்குக் கேபிளோட நடுக்கம்பி, இன்னொண்ணுக்கு மேல் பின்னல். டேப்பில் இருக்கிற பெயின்ட்டை உப்புத்தாளால சுரண்டாம சால்டர் பண்ணினீங்கன்னா ஒட்டாது, என்னைத் திட்டாதீங்க.

இதுவே சர்வதேச விண்வெளி நிலையத்தைக் கேட்கப் போதும். 145.800 மெகாஹெர்ட்ஸ், எஃப்.எம். 2025 ஜூலையில் நம்ம சுபான்ஷு சுக்லா அங்கே தங்கியிருந்தப்போ, பெங்களூரிலும் ஷில்லாங்கிலும் ஹாம் ரேடியோ வழியாத்தான் பேசினார். ஆஸ்கர்-7 வயசானது, குரல் மெல்லிசு. அதுக்கு ஆன்டெனாவை நேரா வெச்சு, பின்னாடி 105 சென்டிமீட்டரில் ஒரு துண்டு, முன்னாடி 89-ல் ஒரு துண்டு சேர்த்தால் யாகி ஆகிடும். சாட்டிலைட் போற பக்கம் கையாலேயே திருப்பணும். எப்போ, எந்தத் திசையில் வரும்னு சொல்ல ஜிபிரெடிக்ட் மாதிரி இலவச சாஃப்ட்வேர் இருக்கு. 145.975 பக்கத்தில் தேடுங்க. எஃப்.எம். வேண்டாம், மோர்ஸுக்கான சி.டபிள்யூ. மோடு. ரயில் ஹாரன் கிட்ட வந்து தாண்டிப் போகிற மாதிரி, சுருதி மேலேயிருந்து கீழே இறங்கிட்டே போகும். கேட்கிறது ஒண்ணு, பேசுறது வேற. பேசணும்னா மத்திய தொலைத்தொடர்புத் துறை பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கணும். 12 வயசு ஆனாலே எழுதலாம், நாம ஏற்கெனவே லேட்.

சிட்டி ஆளுங்க கோவிச்சுக்காதீங்க, இந்த விஷயத்தில் டெல்டாக்காரங்க கொடுத்து வெச்சவங்க. மலை கிடையாது, மாடிக் கட்டடம் கம்மி. தென்னை மட்டும் இல்லைன்னா ஒரு அடிவானத்திலிருந்து மறு அடிவானம் வரைக்கும் வானம் நமக்குத்தான். எதிரி வேற. மட்டமான எல்.இ.டி. பல்பும் மொபைல் சார்ஜரும் கக்குற இரைச்சல். அதில் மெல்லிசான சிக்னல் எல்லாம் முங்கிப் போயிடும்.

போன தை மாசம் ஒரு சாயங்காலம். மூணு நாளா மாடியில் நின்னு ஒண்ணும் கிடைக்கலை. பக்கத்து வீட்டு ஆச்சி, 'டிஷ் கட்டுறியா பாப்பா? சீரியல் வருதா?'ன்னு தினமும் விசாரிக்கிறாங்க. சித்தப்பா கடையை மூடிட்டு நேரா மேலே வந்தார். இருட்டிடுச்சு. ஆனா 1,450 கிலோமீட்டர் மேலே இன்னும் வெயில். தெற்கே காட்டி ஆன்டெனாவைப் பிடிச்சுட்டு நிக்கிறேன். ஸ்கிரீன் முழுக்க இரைச்சல். பட்டுனு கரண்ட் போச்சு. ஊரே இருட்டு. லேப்டாப் பேட்டரியில் ஓடிட்டு இருக்கு. இரைச்சல் அப்படியே வடிஞ்சு, ஸ்கிரீன் நடுவில் ஒரு மெல்லிசு கோடு. வளைஞ்சு, விட்டு விட்டு.

ஹெட்போனைக் காதில் வெச்சேன். நாலு புள்ளி, ரெண்டு புள்ளி. நாலு புள்ளி, ரெண்டு புள்ளி. மோர்ஸ்ல 'ஹாய்'. அப்புறம் எண்கள். எங்க அம்மாவுக்குக் கல்யாணமே ஆகாத வருஷத்தில் செஞ்ச சர்க்யூட்.

சித்தப்பாவிடம் ஹெட்போனைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் கண்ணை மூடிக் கேட்டார். 'உள்ளே பேட்டரி அறுந்துதானே கிடக்கு?'

'ஆமா சித்தப்பா.'

'மறுபடி ஒட்டிக்கிச்சுன்னா?'

'அவ்வளவுதான். எப்ப வேணாலும் நடக்கலாம்.'

அவர் ஒண்ணும் சொல்லலை. ஒரு காதை மட்டும் திறந்து, 'அடுத்த ரவுண்டு எப்ப?'ன்னார். ரெண்டு மணி நேரம் ஆகும்னேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. தெரு முழுக்க பல்பு எரிஞ்சது, கோடு காணாமப் போச்சு. ஆச்சி கீழேயிருந்து, 'இப்ப வருதா பாப்பா?'ன்னாங்க.

சித்தப்பா சாப்பிட்டுட்டு வர்றேன்னு இறங்கினார். போறபோது ஆன்டெனாவை ஒரு தடவை தொட்டுப் பார்த்து, 'சால்டர் கொஞ்சம் காஞ்ச மாதிரி இருக்கு, திரும்ப வெய்யி'ன்னார்.